சரியாத முக்காடு



கைவேலைப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை மேசை விரிப்புக்கும் தலையணை உறைக்கும் மாதிரி கேட்பவை. சென்ற மாதம் திண்டிவனத்திலிருந்து வந்த கடிதம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. பெயரை வெளியிட வேண்டாம் என்று எழுதியவர் கேட்டுக்கொண்டிருப்பதால் செய்தியை மட்டும் சொல்கிறேன்.

விழுப்புரத்தில் வாழும் அவருடைய தமக்கைக்கு மார்பகப் புற்றுநோய். புதுவை ஜிப்மர் மருத்துவமனையில் மருந்து ஏற்றி வருகிறார்கள். முதல் மருந்து ஏறிய பதினெட்டாம் நாள் தலை வாரும்போது முடி கொத்தாகச் சீப்போடு வந்திருக்கிறது. அடுத்த பத்து நாளில் தலையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்கு மேல் அவர் சொற்களிலேயே தருகிறேன்: “அக்கா நோய்க்காக அழவில்லை. முடி போனதற்கும் அழவில்லை. பஸ்ஸில் போகும்போது கண்டமங்கலம் தாண்டியதும் காற்றில் முக்காடு தலையில் நிற்காமல் வழுக்கிக் கழுத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அழுதார்கள். புதுவை போய்ச் சேரும் வரை நான் இரண்டு கையாலும் முக்காட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஊசி குத்தலாம் என்றால் குத்துவதற்கு முடி இல்லை. கடையில் விற்கும் உள்தொப்பியைப் போட்டால் தலை எரிகிறது என்கிறார்கள். எனக்குக் குரோஷா ஓரளவு வரும். என்ன பின்னலாம் என்று எழுதுங்கள் அம்மா.”

முக்காட்டைத் தலையில் நிறுத்துவது முடிதான் என்பதை அக்கடிதத்தைப் படித்த பிறகே நான் எண்ணிப் பார்த்தேன். முடியின் சொரசொரப்பும், கொண்டையின் மேடும், நாம் செருகும் ஊசியும் சேர்ந்துதான் துணியைப் பிடித்து வைக்கின்றன. அவை இல்லாத தலையில் பட்டுப் போன்ற துணி ஒரு கணமும் நிற்பதில்லை.

புற்றுநோய் மருந்துகள் அனைத்தும் முடியை உதிர்ப்பதில்லை. உதிர்க்கும் மருந்தாயின் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் உதிரத் தொடங்கும். உடலில் விரைந்து பெருகும் உயிரணுக்களை அம்மருந்து தாக்குகிறது. முடியின் வேரில் உள்ளவையும் அவ்வகையைச் சேர்ந்தவை என்பதே காரணம். சிகிச்சை முடிந்த சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் பெரும்பாலோருக்கு மீண்டும் முளைத்துவிடும், இன்ஷா அல்லாஹ். அதுவரை தலைத்தோல் பச்சைக் குழந்தையின் தோலைப் போல நொய்ந்திருக்கும். ஆகவே நாம் செய்யப்போகும் பொருள் இறுக்கவும் கூடாது, உறுத்தவும் கூடாது. ஆனால் துணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஏற்றது ஒரு தலைப்பட்டை. முழுத் தொப்பி வேண்டாம். நம் வட்டாரத்து வெயிலில் அது தலையை அவித்துவிடும். நான்கு விரல் அகலத்தில், தலையைச் சுற்றி வரும் பட்டை ஒன்று போதும். அதன் மீது முக்காட்டைப் போட்டால் பட்டையின் மேடு துணியைத் தாங்கும். ஊசி குத்தவும் இடம் கிடைக்கும். சாதாரணக் குரோஷாவில் பின்னினால் ஓட்டைகள் விழும், ஊசி நிற்காது. துனீசியக் குரோஷா என்றொரு முறை இருக்கிறது. ஒவ்வொரு கண்ணியாக முடித்துக்கொண்டு போகாமல், ஒரு வரிசைக் கண்ணிகள் அனைத்தையும் ஊசியிலேயே ஏற்றி வைத்து, பிறகு திரும்பி வரும்போது ஒவ்வொன்றாகக் கழற்றுவது அதன் இயல்பு. நெய்த துணியைப் போல் அடர்த்தியாக வரும்.

பெயரைக் கொண்டு இது துனீசியா நாட்டு முஸ்லிம் பெண்கள் தந்த கலை என்று பெருமைப்பட்டுக்கொள்ள நம்மில் சிலர் விரைவார்கள். இதற்கு ஆப்கான் பின்னல் என்ற பெயரும் உண்டு. இரு நாடுகளிலிருந்தும் வந்தது என்பதற்குச் சான்று காட்டியவர் இல்லை. 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பியக் கைவேலை நூல்களில் இது பரவலாகக் காணப்படுகிறது. 1858 இல் பிரஷ்ய இளவரசர் பிரெடரிக் வில்லியமை மணந்த விக்டோரியா மகாராணியின் மூத்த மகளின் பட்டப்பெயரால் இங்கிலாந்தில் வழங்கியதும் உண்டு. நமக்கு வேண்டியது வேலை; பெயர் எதுவாயினும் இருக்கட்டும்.

முதலில் நூல். நான் கைவசமிருந்த உல்லனில் ஒன்று பின்னி, ஒரு பகல் முழுதும் நானே கட்டிப் பார்த்தேன். அஸருக்குள் நெற்றியோரம் வியர்த்து அரிக்கத் தொடங்கிவிட்டது. கடைகளில் உல்லன் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழையே. அது வியர்வையை உறிஞ்சாது. பருத்தி நூலே வாங்குங்கள். ஸ்வெட்டர் நூலின் பருமனில் மென்மையாக முறுக்கிய பருத்தி நூல், 50 கிராம் பந்து ஒன்று போதும். மேசை விரிப்புக்கான மெல்லிய மெர்சரைஸ்டு நூல் வேண்டாம். அது பளபளக்கும், வழுக்கும்.

துனீசிய முறைக்கென முழ நீள ஊசி ஒன்று உண்டு. அது விழுப்புரத்தில் கிடைக்குமா என்று அலைய வேண்டாம். நம் பட்டைக்குப் பதினாறு கண்ணிகளே தேவை. சாதாரணக் குரோஷா ஊசியே அவற்றைத் தாங்கும். ஆனால் ஊசி நடுவில் தட்டையாக இல்லாமல் பென்சிலைப் போல் ஒரே சீராக இருக்க வேண்டும். பருமன் 5 மில்லிமீட்டர். பின்முனையில் ரப்பர் வளையம் ஒன்றைப் பல சுற்றாகச் சுற்றிவிட்டால் கண்ணிகள் நழுவி விழா.

இனி வேலைக்கு வருவோம். பதினாறு சங்கிலி போடுங்கள். ஊசியில் இருப்பதை ஒன்றாகக் கொண்டு, இரண்டாவது சங்கிலியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றிலும் ஊசியை நுழைத்து நூலை இழுத்து, கண்ணியை ஊசியிலேயே விட்டுவிடுங்கள். முடிவில் பதினாறு கண்ணிகள் ஊசியில் இருக்கும். இது போகும் வரிசை. வேலையைத் திருப்பாதீர்கள். நூலைச் சுற்றி ஒரு கண்ணி வழியாக மட்டும் இழுங்கள். பிறகு நூலைச் சுற்றி இரண்டிரண்டாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள், ஊசியில் ஒன்று மிஞ்சும் வரை. இது திரும்பும் வரிசை. இவ்விரண்டும் சேர்ந்ததே ஒரு வரிசை எனக் கணக்கு.

இப்போது துணியின் முகத்தில் சிறு கம்பிகளைப் போல் நெடுக்கு இழைகள் நிற்பதைக் காண்பீர்கள். அடுத்த வரிசையில் முதல் இழையை விட்டு, இரண்டாவதிலிருந்து ஒவ்வோர் இழையின் அடியிலும் வலமிருந்து இடமாக ஊசியை நுழைத்து நூலை இழுக்க வேண்டும். கடைசிக் கண்ணியில் மட்டும் நெடுக்கு இழையோடு அதன் பின்னால் உள்ள இழையையும் சேர்த்துப் பிடியுங்கள், ஓரம் தளராது.

இப்படியே பின்னிக்கொண்டு போனால் துணி காய்ந்த ஓலையைப் போல் சுருளும். என் முதல் பட்டை சுருண்டு குழாயாகவே ஆகிவிட்டது. இம்முறையின் பெருங்குறை இதுதான். ஸ்வெட்டர் பின்னுவோர் பர்ல் என்று சொல்லும் புறப்பின்னல் அதற்கு மாற்று: நூலை வேலைக்கு முன்பக்கம் கொண்டுவந்து, நெடுக்கு இழையில் ஊசியை நுழைத்து, பிறகு நூலை ஊசியின் மேல் சுற்றி இழுக்க வேண்டும். இரு பக்கமும் இவ்விதம் நான்கு நான்கு கண்ணிகள் இட்டால் சுருள் அடங்கும். ஆகப் பதினாறின் பங்கீடு இது: ஓரத்துக்கு 1, புறப்பின்னல் 4, நடுவில் வடத்துக்கு 6, மீண்டும் புறப்பின்னல் 4, ஓரத்துக்கு 1. சொரசொரப்பான அந்தப் புறப்பின்னல்தான் முக்காட்டைப் பற்றிக்கொள்கிறது.

நடுவிலுள்ள ஆறு கண்ணிகளில் கேபிள் எனப்படும் வடம் எழுப்ப வேண்டும். மேடு வேண்டும் என்பதற்காகவே அது; அழகு பிறகு. அதை மூன்று புரிச் சடையாகவே போடச் சொல்லி நான் எழுதி அனுப்பினேன். ஏன் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் இரு வரிசையும் வடப் பகுதியில் சாதாரணமாகப் பின்னுங்கள். மூன்றாம் வரிசையில், ஆறில் முதல் இரண்டு இழைகளை விட்டுவிட்டு மூன்றாவதிலும் நான்காவதிலும் கண்ணி எடுங்கள். பிறகு அவற்றுக்கு முன்பக்கமாகவே ஊசியைக் கொண்டுவந்து, விட்ட இரண்டிலும் எடுங்கள். ஐந்தும் ஆறும் சாதாரணம். நான்காம், ஐந்தாம் வரிசைகளில் குறுக்கீடு இல்லை. ஆறாம் வரிசையில் முதல் இரண்டும் சாதாரணம். மூன்றையும் நான்கையும் விட்டு ஐந்திலும் ஆறிலும் எடுத்து, இம்முறை அவற்றுக்குப் பின்பக்கமாக ஊசியைக் கொண்டுபோய் விட்ட இரண்டிலும் எடுங்கள். மேலும் இரு வரிசை சாதாரணம். ஒன்பதாவதில் மூன்றாம் வரிசையைப் போல். முன் ஒரு முறை, பின் ஒரு முறை என மாறி மாறி வரச் சடை உருவாகும். குறுக்கிடும் கண்ணிகளைச் சற்று நீளமாக இழுத்து விடுங்கள். பருத்தி நூல் உல்லனைப் போல் நெகிழாது. இறுக்கி இழுத்தால் திரும்பும் வரிசையில் ஊசி சிக்கிக்கொள்ளும். ஐந்தாறு முறை குறுக்கிட்ட பிறகே சடை கண்ணுக்குத் தெரியும். அதற்குள் பிரித்துவிடாதீர்கள்.

எவ்வளவு நீளம்? தலையைச் சுற்றி நாடாவால் அளந்து, அதில் 5 சென்டிமீட்டர் குறைத்துப் பின்னுங்கள். இரு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டாம். பொத்தானும் வேண்டாம், படுக்கும்போது பிடரியில் அழுத்தும். ஒவ்வொரு முனையிலும் ஒரு சாண் நீளத்துக்குச் சங்கிலியால் கயிறு விட்டுக் கட்டிக்கொள்ளட்டும். சிகிச்சைக் காலத்தில் முகம் உப்புவதும் வற்றுவதும் உண்டு. பிறகு முடி முளைக்கும்போது அளவு மாறும். கயிறு எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும். உட்புறம் பழைய மல் துணியை வைத்து, தையல் தோலில் படாதபடி மடித்துத் தைத்துவிடுங்கள். புதுத் துணியைவிடப் பலமுறை துவைத்த துணியே நல்லது.

இனி, இதை எந்த இடத்தில் கட்டுவது என்பது. தொழுகையோடு தொடர்புடையதாகையால் இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டை நெற்றிக்கு இறங்கிவிடக் கூடாது. ஷாஃபிஈ மத்ஹபில், ஸஜ்தாவின்போது நெற்றியின் ஒரு பகுதியேனும் அணிந்திருக்கும் துணி குறுக்கே வராமல் தொழும் இடத்தில் படவேண்டும். முழுவதும் மறைந்தால் ஸஜ்தா நிறைவேறாது. ஹனஃபீ மத்ஹபில் நிறைவேறிவிடும். ஆயினும் காரணமின்றி அவ்வாறு செய்வது மக்ரூஹ். முடியில்லாத தலையில் நெற்றி எங்கே முடிகிறது என்ற ஐயம் எழும். உளூவில் முகம் என்பது வழக்கமாக முடி முளைக்கும் இடம் வரை. முடி உதிர்ந்ததால் அந்த எல்லை மாறுவதில்லை. புருவத்துக்கு மேல் நான்கு விரல் வைத்துப் பாருங்கள். அல்லது புருவத்தை நன்றாக உயர்த்தச் சொல்லுங்கள். சுருக்கங்கள் எங்கே நிற்கின்றனவோ ஏறத்தாழ அதுவே எல்லை. பட்டையின் முன் ஓரம் அதற்கு மேலேயே இருக்கட்டும். உளூவின்போது பட்டையைக் கழற்றி, தலைத்தோலின் மீதே மஸ்ஹு செய்ய வேண்டும். பிடரியில் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுவது அதற்கும் உதவும். தலையில் புண்ணோ கட்டோ இருந்தால் சட்டம் வேறு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டை முக்காட்டுக்கு அடியில் அணிவது, முக்காட்டுக்குப் பதிலன்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

திண்டிவனத்துச் சகோதரி இரண்டாம் கடிதத்தில் இன்னொன்றும் கேட்டிருந்தார். மருத்துவமனையில் அக்காவின் பட்டையைப் பார்த்துவிட்டு வேறு மதப் பெண்கள் இருவர் தங்களுக்கும் வேண்டும் என்றார்களாம். விலைக்குக் கொடுக்கலாமா, எவ்வளவு கேட்கலாம் என்கிறார். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் நூலின் விலையை மட்டும் கணக்கிடாதீர்கள். கை பழகியவருக்கே ஒரு பட்டை ஐந்தாறு மணி நேர வேலை. ஆந்திரத்தின் நரசாப்பூரில் 19 ஆம் நூற்றாண்டிலிருந்து பெண்கள் குரோஷா லேஸ் பின்னி வெளிநாடுகளுக்கு அனுப்பி வருகிறார்கள்; 2024 இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்பெண்களின் நிலையை ஆராய்ந்து மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1982 இல் ஒரு நூல் வெளியிட்டார். நாள்தோறும் பல மணி நேரம் உழைத்தும், ஓய்வு நேரத்தில் வீட்டில் இருந்தபடி செய்வதுதானே என்று சொல்லியே அவர்களுக்கு மிகச் சொற்பக் கூலி தரப்பட்டது என்பதை அதில் காட்டினார். நோயாளியிடம் இலாபம் வைக்க மனம் வராது, அது சரி. இல்லாதவருக்கு ஸதகாவாகவே கொடுத்துவிடுங்கள். கொடுக்க இயலும் ஒருவர் விலை கேட்டால் உங்கள் ஆறு மணி நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘சும்மா உட்கார்ந்த நேரத்தில் பின்னினேன்’ என்று நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள்.

ஒருவருக்கு இரண்டு பட்டைகள் பின்னுங்கள். சிகிச்சைக் காலத்தில் நோய்த்தொற்று எளிதில் பற்றும் ஆதலால் நாள்தோறும் மாற்றித் துவைக்க வேண்டும். மணம் மிகுந்த சோப்புத்தூள் வேண்டாம். நன்றாக அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, தட்டையாகப் போட்டு உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். தலைத்தோலில் சிவப்போ கொப்புளமோ கண்டால் பட்டையை எடுத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். கறுப்புத்தான் பொருத்தம் என்று நான் எழுதியிருந்தேன். விழுப்புரத்து அக்கா கிளிப்பச்சை கேட்டாராம். கிளிப்பச்சையிலேயே பின்னிக் கொடுத்திருக்கிறார் தங்கை.

வஸ்ஸலாம்.