பட்டாளத்துக்காரருக்கு அட்டை மட்டும் போதுமா?

அமெரிக்காவில் வைத்தியம் என்றாலே பணம்தான் நம் நினைவுக்கு வரும். அந்த நாட்டில் நல்ல வைத்தியம் எங்கே கிடைக்கிறது என்று தேடிப் போனார் ஃபிலிப் லாங்மன் என்ற பத்திரிகையாளர். மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். பெரிய தனியார் மருத்துவமனை எதையாவது சொல்வார் என்றுதானே எதிர்பார்ப்போம்? அவர் சொன்ன விடை, முன்னாள் ராணுவத்தினருக்காக அமெரிக்க அரசாங்கமே நடத்தும் மருத்துவமனைகள்! 2005ல் 'வாஷிங்டன் மன்த்லி' பத்திரிகையில் கட்டுரையாகவும், 2007ல் புத்தகமாகவும் இதை எழுதினார்.

அவர் சொல்லும் காரணம் மிக எளிது. அங்கே தனியார் காப்பீட்டு கம்பெனியில் இருப்பவர் வேலை மாறினால் கம்பெனியும் மாறிவிடும். இன்று அவருடைய சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கச் செலவு செய்தால், பலன் நாளை வேறொரு கம்பெனிக்குப் போகும். பிறகு யார் செலவு செய்வார்கள்? ராணுவத்தினர் மருத்துவமனை அப்படி இல்லை. அங்கே வருபவர் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அங்கேதான் வருவார். கால் எடுக்க நேர்ந்தாலும், டயாலிசிஸ் வந்தாலும் செலவு அவர்கள் தலையில். எனவே வருமுன் காப்பதே அவர்களுக்கு லாபம்.

1994ல் பொறுப்பேற்ற டாக்டர் கென்னத் கைசர் இந்த அமைப்பையே மாற்றினார். நோயாளியின் முழு விவரமும் கணினியில் ஏறியது. வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் பார்கோடு கருவியைப் பார்த்த ஒரு நர்ஸ், மருந்து கொடுக்கவும் இதையே பயன்படுத்தினால் ஆள் மாறி மருந்து போகாதே என்று யோசனை சொன்னார். அதுவும் நடைமுறைக்கு வந்தது.

உடனே அது சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 2014ல் ஃபீனிக்ஸ் நகரில், டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தவர்களின் பட்டியலை மறைத்தது அம்பலமாகி, துறையின் செயலாளர் எரிக் ஷின்செகி பதவி விலகினார். முறை நன்றாக இருந்தாலும் கண்காணிப்பு தளர்ந்தால் கெட்டுப்போகும் என்பதற்கு இது சாட்சி.

சரி, நம் ஊருக்கு வருவோம். திருக்காட்டுப்பள்ளிக்கும் ராணுவத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பெயர் தந்த சர் பி.எஸ். சிவசாமி ஐயர், இந்தியர்களும் ராணுவ அதிகாரிகளாக வேண்டும் என்று 1921லேயே மத்திய சட்டசபையில் தீர்மானங்கள் கொண்டுவந்தவர். இன்றும் காவிரிக்கரைக் கிராமங்களில் ராணுவத்தில் இருந்து திரும்பி நெல் விவசாயம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இவர்களுக்காக மத்திய அரசு 2003 ஏப்ரல் 1ல் தொடங்கியதுதான் ஈ.சி.எச்.எஸ். எனப்படும் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம். ஒரு முறை பணம் கட்டினால் போதும், அவருக்கும் மனைவிக்கும் ஆயுள் முழுக்க வைத்தியம். முதலில் பாலிகிளினிக் போக வேண்டும், தேவைப்பட்டால் அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாலிகிளினிக்குகளில் மருந்துத் தட்டுப்பாடு, மருத்துவமனைகளின் பில் விஷயத்தில் குளறுபடி என்று 2015ல் மத்திய தணிக்கை அறிக்கையே குறை சொன்னது.

என் கருத்தில் பெரிய குறை வேறு. நம் சிப்பாய்களில் பெரும்பாலோர் நாற்பது வயதையொட்டியே ஓய்வு பெறுகிறார்கள். அதன் பிறகு முப்பது, நாற்பது வருடம் அவர்கள் அரசாங்கத்தின் பொறுப்பு. லாங்மன் சொன்ன அந்த 'ஆயுள் உறவு' நம்மிடமும் இருக்கிறது! ஆனால் பணம் பெரிய அளவில் எங்கே போகிறது? மாரடைப்பும் சிறுநீரகக் கோளாறும் வந்த பிறகு தனியார் மருத்துவமனை பில்லுக்கு. வருமுன் காக்க வேண்டிய இடத்திலோ, எழுபது வயதுக்காரர் பிரஷர் மாத்திரைக்காகத் தஞ்சாவூருக்கு பஸ் ஏற வேண்டும். போக ஏறத்தாழ 25 கிலோமீட்டர், திரும்பவும் அவ்வளவு. நடவு நேரத்திலும் மழைக்காலத்திலும் ஒரு மாதம் தள்ளிப்போகும். மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 1995 முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகமும் இருக்கிறது. முன்னாள் ராணுவத்தினரின் மாதாந்திர மாத்திரையை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் கொடுக்கட்டும், அந்த விவரம் பாலிகிளினிக் கணினியில் ஏறட்டும், செலவை மத்திய அரசு மாநிலத்துக்குத் தரட்டும். "மத்திய அரசு வேறு, மாநில அரசு வேறு, கணக்கு ஒத்துவராது" என்பார்கள். இரண்டு அரசுகளும் பிரதமரின் காப்பீட்டுத் திட்டத்தையும் முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தையும் 2018ல் ஒன்றாக இணைத்தனவே! ஆபரேஷனுக்கு ஒத்துவரும் கணக்கு, மாத்திரைக்கு மட்டும் வராதா?

"பட்டாளத்துக்காரருக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இது எல்லோருக்கும் வர வேண்டியதுதான். ஆனால் இவர்கள் பெயர், வயது, ஊர் எல்லாம் அரசாங்கத்திடம் ஏற்கனவே இருக்கிறது. தொடங்க இதைவிட நல்ல இடம் ஏது? இங்கே சரியாக வந்தால் விவசாயத் தொழிலாளிக்கும் அதே வழியைக் கேட்கலாம்.

அட்டை கொடுப்பது சுலபம். அட்டை வைத்திருப்பவர் இந்த மாதம் மாத்திரை வாங்கினாரா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். நல்ல மருத்துவத்தின் அளவுகோல் அதுதான் என்பேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?