கடன் அட்டையும் காவலும்

பொருளீட்டல் அரிது, ஈட்டிய பொருளைக் காத்தல் அதனினும் அரிது. முற்காலக் கள்வன் சுவரிற் கன்னமிட்டான். இக்காலக் கள்வனோ தொலைபேசியில் இன்சொற் பேசி, கடன் அட்டையின் எண்ணையும், அதன் பின்புறத்து மூன்று இலக்கங்களையும், ஒருமுறைக் கடவுச்சொல்லையும் நம் வாயினின்றே பெறுகின்றான்.

அதிகாரமுடையோர் வாளாவிருந்தனரோ எனின், இருந்திலர். வணிகர் அட்டை எண்களைச் சேமித்து வைத்தலை இந்திய ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டு அக்டோபர் முதல் விலக்கிற்று. அதற்கீடாக வந்த 'டோக்கன்' என்னும் மாற்றெண் ஒரு வணிகர்க்கே உரியதாகலின், களவுபோயினும் பிறிதோரிடத்திற் பயன்படாது. எனினும், பூட்டு எத்துணை வலிதாயினும் திறவுகோலை நாமே ஈந்தால் யாது பயன்?

எமது கருத்து யாதெனில், ஏமாறுதலினும் பெருங்கேடு அதனை மறைத்தலே என்பதாம். தந்தையார் வெகுள்வரென அஞ்சியும், நண்பர் நகுவரென நாணியும் மாணவர் சிலர் வாய்திறவாதிருக்கின்றனர். அம்மௌனமே கள்வனுக்கு ஆக்கம். 2017ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் ரிசர்வ் வங்கி விடுத்த ஆணை, கடவுச்சொல்லைத் தானே உரைத்து இழந்தவனும், தன் வங்கிக்கு அறிவித்தபின் நேரும் நட்டத்திற்கு உத்தரவாதியல்லன் என வகுத்தது. ஆகவே, நாணிக் கழிக்கும் ஒவ்வொரு நாழிகையும் நட்டத்தைப் பெருக்குவதாம்.

ஆதலின், களவை உணர்ந்த அக்கணமே அட்டையை முடக்குவித்து, 1930 என்னும் எண்ணிற்கும் அறிவித்தல் கடன். நண்பர்காள்! இழந்து நிற்போனை எள்ளற்க. நம் நகைப்புக்கு அஞ்சி அவன் மறைப்பானாயின், அக்களவில் நமக்கும் பங்குண்டு.