போட்டோவுக்கு எங்கே நிற்பது?

நம்ம புதுச்சேரியில் மலையே கிடையாது. அதனால் கோடை விடுமுறையில் மூணாறு போனபோது, இரவிகுளம் தேசியப் பூங்காவில் எங்கே நின்றால் படம் நல்லா வரும் என்றுதான் எல்லோரும் தேடினோம். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி (2695 மீட்டர்) அங்கேதான் இருக்கிறது.

ராஜமலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நடைதான். பாதையை விட்டு இறங்கக் கூடாது. நான் இறங்கினேன்! ஒரு வரையாடும் அதன் குட்டியும் புல்லில் நின்றன. பக்கத்தில் போய் எடுத்தால் அட்டகாசமா இருக்கும்னு நினைத்தேன். நாலு அடிதான் வைத்திருப்பேன், இரண்டும் பாறைப் பக்கம் ஓடிவிட்டன. படத்தில் வெறும் புல். அக்காவிடம் திட்டு வேறு.

குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் அந்தப் பூங்காவையே மூடி வைக்கிறார்கள். யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்றுதானே? அப்படிக் காப்பாற்றிய குட்டியை ஒரு போட்டோவுக்காக நான் விரட்டலாமா? எனக்கே வெட்கமாப் போச்சு. நல்ல இடம் தேட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதையிலேயே தேடலாமே தோழிகளே! பாதை ஓரத்தில் சும்மா பத்து நிமிஷம் நின்ற அப்பாவுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய கிடா வந்து மேய்ந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அப்பா எடுத்த படம்தான்.