மனுவுக்குக் கெடு உண்டு, பதிலுக்கு?

அம்பேத்கர் பிறந்த நாள் ஊர்வலத்துக்குப் பத்து நாள் முன்னாடியே மனு கொடுத்தேன். ரசீது தரல. ஏப்ரல் 13 ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். "ஊர்த்தெரு மாமூல் பாதை இல்லப்பா, காலனிக்குள்ளயே சுத்திக்குங்க." அந்நேரத்தில் எந்தக் கோர்ட்டு திறந்திருக்கும்?

மாமூல் என்பது என்ன? நம்மை அந்தத் தெருவில் நடக்கவிடாத வழக்கம்தானே! சாதியின் வழக்கத்தைப் போலீஸ் சட்டமாக்குகிறது.

1857 கலகத்தில் மிரண்ட வெள்ளைக்காரன் 1861இல் போட்டது காவல் சட்டம். அதன் 30(2)ஐக் காட்டித்தான் இன்றும் அனுமதி கேட்கச் சொல்கிறார்கள். சென்னையில் 1888ஆம் வருசத்து நகரக் காவல் சட்டம், பிரிவு 41: ஐந்து நாள் முன்னதாக மனு. நமக்குக் கெடு இருக்கிறது. அவர்கள் பதிலுக்கு? 30ஆவது பிரிவு ஊர்வலத்தை ஒழுங்குபடுத்தத்தான் சொல்கிறது, ஒழித்துக்கட்ட அல்ல. ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு தந்த உரிமை, இன்ஸ்பெக்டர் போடும் பிச்சையில்லை.

சட்டம் ஒழுங்கு கெடுமாம். 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலம். தடியடி. தாமிரபரணியில் 17 பிணம், ஒரு குழந்தையும். 2011 செப்டம்பர் 11, இமானுவேல் சேகரன் நினைவு நாள், பரமக்குடியில் துப்பாக்கிச் சூடு. கெடுத்தது யார்?

தோழர்களே, மனு கொடுப்போம். ரசீது கேட்போம். மறுப்பதென்றால் மூன்று நாள் முன்னாடியே, காரணத்தோடு, எழுத்தில் கொடுக்கட்டும். வாய்ச்சொல்லுக்குக் காலனிக்குள் சுற்றிய காலம் போதும்.