அது ஸ்டோன்ஸ் பாட்டு இல்லீங்கோ!

போன வாரம் எனக்கு ஒரு சின்ன அவமானம். அன்னிக்கு சமையல் என் முறை. ரூம்மேட் (வெள்ளைக்காரப் பையன், பழைய பாட்டுன்னா உயிர்) லேப்டாப்பில் ஏதோ ஓட விட்டிருந்தான். நல்லாத் தெரிஞ்ச மெட்டு, ஆனால் பெண் குரல். வெங்காயம் நறுக்கிக்கிட்டே, "அட, ஸ்டோன்ஸ் பாட்டை இந்தம்மா சூப்பரா பாடியிருக்காங்களே" என்றேன், பெரிய ரசிகன் மாதிரி.

பையன் சிரிச்ச சிரிப்பு இருக்கே! "அவங்க ஸ்டோன்ஸ் பாட்டைப் பாடலை. ஸ்டோன்ஸ்தான் அவங்க பாட்டைப் பாடினாங்க." வெங்காயத்தால் கண் கலங்கியது என்று சமாளித்துவிட்டேன் :-)

இந்தப் பதிவு அதற்குப் பிராயச்சித்தம்.

பாட்டு 'டைம் இஸ் ஆன் மை சைட்'. எழுதியவர் ஜெர்ரி ராகவாய். 1963இல் முதலில் பதிவு செய்தவர் கை விண்டிங் என்கிற டிராம்போன் கலைஞர். அதில் பாட்டு வரிகள் ரொம்பக் கம்மி. ஜிம்மி நார்மன் மீதி வரிகளை எழுதிச் சேர்க்க, 1964இல் நியூ ஆர்லியன்ஸ் பாடகி இர்மா தாமஸ் பாடினார். அதுவும் இசைத்தட்டின் பின்பக்கத்துப் பாட்டாகத்தான் வந்தது. அதே வருஷம் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடி, அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 6ஆம் இடம். அந்த நாட்டில் முதல் பத்துக்குள் வந்த அவர்களுடைய முதல் பாட்டு இதுதான்.

ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்க. ஸ்டோன்ஸ் எடுத்தது விண்டிங்கின் பாட்டை இல்லை, இர்மாவின் பாட்டை. நடுவில் பாட்டை நிறுத்திப் பேசுகிற இடம் உட்பட அப்படியே இருக்கு. ஆனால் உணர்ச்சி வேற. ஜாகருக்கு அப்போ இருபது, இருபத்தொண்ணு வயசு. 'எங்கே போயிடப் போறே, திரும்பி வருவே' என்கிற தெனாவெட்டு. இர்மாவுக்கு 23தான். ஆனால் 19 வயசுக்குள்ளேயே இரண்டு கல்யாணம், நாலு குழந்தைகள் என்று வாழ்க்கையைப் பார்த்தவர். காலம் என் பக்கம் என்று அவர் பாடும்போது காத்திருந்து பழகின ஒருத்தியின் நிதானம் தெரியுது. எனக்கு அதுதான் நிஜமாப் படுது.

ஸ்டோன்ஸ் திருடிட்டாங்கன்னு நான் சொல்ல வரலை. ஒருத்தர் பாடினதை இன்னொருத்தர் பாடுவது அந்தக் காலத்தில் சாதாரணம். சட்டப்படியும் தப்பில்லை. பாட்டை எழுதியவருக்கு உரிமத் தொகை போகும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சட்டத்தில்தான் சிக்கலே. பாட்டை இப்படிப் பாடணும், இந்த இடத்தில் இழுக்கணும், இங்கே பேசணும் என்று உயிர் கொடுத்த பாடகிக்கு அதில் பங்கே கிடையாது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

"ஸ்டோன்ஸ் பாடலேன்னா இந்தப் பாட்டு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்பீங்க. நானும் ரூம்மேட்டிடம் அதையேதான் கேட்டேன். பாட்டு தெரிஞ்சது, சரி. அவரைத் தெரிஞ்சதா? அவர் மேடையில் இதைப் பாடினால், ஸ்டோன்ஸ் பாட்டைப் பாடுறாங்க என்றே ஜனங்கள் நினைச்சாங்களாம். வெறுத்துப்போய்ப் பல வருஷம் அந்தப் பாட்டைப் பாடுவதையே நிறுத்திட்டார். 1990களில் பாடகி பானி ரெய்ட் வற்புறுத்திய பிறகுதான் மறுபடி பாட ஆரம்பித்தார்.

இதைப் படிச்சதும் எனக்குச் சுருக்கென்றது. அவரை வாயடைக்க வைத்தது ஜாகர் இல்லை, சமையலறையில் நான் சொன்னேனே, அதே ஒரு வரி. ஆயிரம் பேர் ஆயிரம் தடவை, பாராட்டுகிற நினைப்பில் சொன்ன வரி.

ஆனாலும் கதை சோகமா முடியலை. 2024 மே மாதம் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழாவில் ஸ்டோன்ஸ் பாடினாங்க. அந்த மேடைக்கு இர்மா தாமஸை அழைத்து, ஜாகரும் அவரும் சேர்ந்து இதே பாட்டைப் பாடினார்கள். அம்மாவுக்கு 83 வயசு, பாட்டுக்கு 60. வீடியோ பார்த்தப்போ வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை, ஆனாலும் கண் கலங்கியது.

நல்ல விஷயம்தான். ஆனால் அறுபது வருஷம் ரொம்ப லேட். சட்டம் மாறுமோ மாறாதோ, கேட்கிற நம்மால் முடிஞ்சது ஒண்ணு இருக்கு. அடுத்த தடவை "இவங்க அந்தப் பாட்டை நல்லா பாடியிருக்காங்களே" என்று சொல்ல வாயெடுக்கும் முன்னாடி, எது முதலில் வந்தது என்று ஒரு நிமிஷம் தேடிப் பார்ப்போம்.

உங்களுக்கும் இப்படி பல்பு வாங்கின அனுபவம் இருக்கா? பின்னூட்டத்தில் சொல்லுங்க. நான் மட்டும் மாட்டிக்கிட்டா எப்படி? :-)