இரண்டு ரூபாய்க்காக ஒரு பெரிய வண்டியா?

பெட்ரோல் விலை இறங்கினால் பெரிய வண்டி வாங்கலாம், ஏறினால் சின்ன வண்டியே போதும் என்று நம் புதுவையில் ஒரு சாஸ்திரம் உலவுகிறது. தேநீர்க் கடையில் சொல்கிறார்கள், கல்யாணப் பந்தியில் சொல்கிறார்கள், காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கும்போதும் சொல்கிறார்கள். இது சுத்த அபத்தம் என்பது என் கட்சி. இறங்கும்போது பெரிய வண்டி வாங்குவதும் அபத்தம், ஏறும்போது பயந்துபோய் இருக்கும் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவதும் அபத்தம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், தபால் நிலையத்தில் போட்டு வைத்திருக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்பை எடுத்து, மகன் ஆசைப்படும் பெரிய வண்டியை வாங்கிக் கொடுக்கப் போகிறார். ஏன் ஐயா என்று கேட்டேன். "பையன் சொல்றான், பெட்ரோல் விலை ரொம்ப நாளா ஏறலையாம். வரியையும் குறைச்சுட்டாங்களாம். இதை விட்டா நேரம் வராதாம்" என்றார். அவர் வாங்கட்டும், வாங்காமல் போகட்டும், அது அவர் பணம். ஆனால் அவர் சொன்ன காரணம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பையன் சொன்ன வரிக் குறைப்பு உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது. சிறிய கார்களுக்கு 28 சதவீதமும் அதன்மேல் ஒரு செஸ்ஸும் இருந்தது 18 சதவீதம் ஆயிற்று. பெரிய வண்டிகளுக்குச் செஸ் சேர்த்து 50 சதவீதம் வரை போனது 40-இல் நின்றது. இரண்டுக்கும்தான் குறைந்தது. சின்ன வண்டியும் மலிந்திருக்கிறது என்பதை மட்டும் பையன் அப்பாவிடம் சொல்லவில்லை.

இனி பெட்ரோலுக்கு வருவோம். நான் வணிக வரி சம்பந்தப்பட்ட கோப்புகளோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவன். பெட்ரோலும் டீசலும் இன்றும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. மத்திய அரசின் கலால் வரி ஒன்று, மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரி ஒன்று. இரண்டும் ஒரு கோப்பில் ஒரு கையெழுத்தில் மாறக்கூடியவை. ராத்திரி ஆணை வரும், விடிந்தால் பங்க்கில் புது விலை. அந்தக் கையெழுத்து என்றைக்கு விழும் என்று அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும் எழுத்தருக்கே தெரியாது. கார் கம்பெனியின் விற்பனைப் பையனுக்கு எப்படித் தெரியும்?

கொஞ்சம் பின்னால் திரும்பிப் பாருங்கள். 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 2014 அக்டோபரில் டீசலுக்கும் எடுத்தார்கள். 2017 மே முதல் தேதியிலிருந்து தினம் ஒரு விலை என்ற ஏற்பாட்டை ஐந்து ஊர்களில் சோதித்தார்கள். விசாகப்பட்டினம், உதய்ப்பூர், ஜாம்ஷெட்பூர், சண்டிகர், ஐந்தாவது நம்ம புதுவை. நாட்டுக்கே முன்னால் விலை தினம் ஆடுவதைக் கண்ணால் பார்த்த ஊர் இது. ஜூன் 16 முதல் நாடு முழுக்க வந்தது. 2020-இல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் தரைமட்டத்துக்கு விழுந்தது. நமக்குக் குறைந்ததா? அந்த மே மாதம் கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஏற்றினார்கள். அடுத்த வருஷம் பெட்ரோல் பல ஊர்களில் நூறைத் தாண்டியது. 2021 நவம்பரில் மத்திய அரசு பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 10 ரூபாய் குறைத்தது. புதுச்சேரி அரசும் தன் பங்குக்குக் குறைத்தது. 2022 மே மாதம் மறுபடி 8-உம் 6-உம். 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தல் நெருங்கும்போது 2 ரூபாய். 2025 ஜனவரியில் நம் யூனியன் பிரதேசத்தில் மதிப்புக் கூட்டு வரி கொஞ்சம் ஏறியது.

இந்தப் பட்டியலைப் பார்த்து அடுத்த பத்து வருஷத்து விலையைச் சொல்லத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர் காலில் விழுந்து வணங்குகிறேன். வண்டியோ பத்துப் பன்னிரண்டு வருஷம் வீட்டு வாசலில் நிற்கப் போகிறது. இன்றைய விலையை நம்பி அதை வாங்குவது, இன்று மழை இல்லை என்பதற்காகக் கூரை வேய வேண்டாம் என்று முடிவு செய்வது போல.

விலையை நம்பி வண்டி வாங்கியவர்கள் கதை ஒன்றும் பழசாகிவிடவில்லை. 2012-இல் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தொட்டது, டீசல் 41 ரூபாய் சுமாரில் இருந்தது. முப்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம். நம் பக்கத்திலும் ஜனங்கள் டீசல் கார் மேல் விழுந்தார்கள். டீசல் கார் லட்ச ரூபாய் கூடுதல் என்றாலும் பரவாயில்லை, ஓட ஓடக் காசு திரும்பி வந்துவிடும் என்றார்கள். என் மைத்துனர் ஒருவர் அப்படித்தான் ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி எடுத்தார். வீட்டில் இருந்ததோ அவரும் அவர் மனைவியும். மறு வருஷத்திலிருந்தே மாதாமாதம் ஐம்பது பைசா அளவில் டீசல் ஏறத் தொடங்கியது. 2018 அக்டோபரில் புவனேஸ்வரத்தில் டீசல் விலை பெட்ரோலை மிஞ்சியது. 2020 ஜூனில் தலைநகர் டெல்லியிலேயே மிஞ்சியது. அதே 2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டு விதி பி.எஸ்.6 வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார் தயாரிப்பதையே விட்டுவிட்டது. மைத்துனர் வண்டியை விற்கப் போனபோது புரோக்கர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

எதிர்த் திசையிலும் கதை உண்டு. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலர் வரை போனது. அமெரிக்காவில் பெரிய வண்டி வைத்திருந்தவர்கள் பதறிப்போய்க் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். அந்த டிசம்பரில் பீப்பாய் 40 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. ஆறே மாதம்! ஆகையால் விலை ஏறினால் விற்றுவிடுங்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

இப்போது கணக்கு. நான் சின்ன வயதில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் கணக்கு முசியே எதையும் "எவ்வளவு செலவு" என்ற பக்கத்திலிருந்துதான் கேட்பார். பிரெஞ்சுக்காரர்கள் மைலேஜ் என்று பேசுவதில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நாம் கேட்போம். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று அவர்கள் கேட்பார்கள். கேட்க ஒன்று போலத் தோன்றும், ஆனால் நம் முறை ஆளை ஏமாற்றும். 20 கொடுக்கும் வண்டியிலிருந்து பன்னிரண்டரை கொடுக்கும் வண்டிக்குப் போனால் ஏழரை குறைகிறது. பன்னிரண்டரையிலிருந்து பத்துக்குப் போனால் இரண்டரைதானே, போகட்டும் என்று தோன்றும். லிட்டரில் போட்டுப் பாருங்கள். முதலாவது நூறு கிலோமீட்டருக்கு 5-லிருந்து 8 லிட்டர், மூன்று கூடுகிறது. இரண்டாவது 8-லிருந்து 10, இரண்டு கூடுகிறது. போகட்டும் என்று விட்டதே இரண்டு லிட்டர்!

நம் போன்றவர்கள் வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். சின்ன வண்டி 300 லிட்டர் குடிக்கும், பெரியது 480 குடிக்கும். வித்தியாசம் 180 லிட்டர். கணக்கு வசதிக்கு லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், பெரிய வண்டிக்கு வருஷம் 18,000 ரூபாய் கூடுதல். சரி, பெட்ரோல் இரண்டு ரூபாய் இறங்கிவிட்டது. அந்தக் கூடுதலில் எவ்வளவு குறையும்? 180 லிட்டருக்கு 360 ரூபாய். மாதம் முப்பது ரூபாய்! பத்து ரூபாயே இறங்கினாலும் வருஷம் 1,800, மாதம் நூற்றைம்பது. ஏறினாலும் அதே அளவுதான்.

மறுபக்கம் பாருங்கள். சின்ன வண்டி ஏழு லட்சம், பெரியது பதினான்கு லட்சம் என்று வைப்போம். அந்தக் கூடுதல் ஏழு லட்சம் மூத்த குடிமக்கள் சேமிப்பில் 8.2 சதவீத வட்டியில் இருந்தால் வருஷம் 57,400 ரூபாய் கைக்கு வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 14,350. அதுதான் மாத்திரை வாங்கும் பணம், கண் பரிசோதனைக்குப் போகும் பணம், பேரக் குழந்தை வந்தால் கையில் வைக்கும் பணம். மாதம் முப்பது ரூபாய் மிச்சத்தைக் காட்டி இதைக் கேட்கிறார்கள்! இன்ஷூரன்ஸை விட்டுவிட்டேன். மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும், 2022-இல் நிர்ணயித்தபடி, 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி.க்கு மேற்பட்டதற்கு 7,897 ரூபாய். டயர் மாற்றும்போது கடைக்காரர் தரும் ரசீதைப் பற்றி நான் எழுதவே போவதில்லை.

"முட்டி வலிக்குது, உசரமான வண்டிதான் சௌகரியம்" என்பார்கள். இது நியாயமான பேச்சு, பெட்ரோலைக் காரணம் காட்டும் பேச்சு போல இல்லை. தாழ்ந்த சீட்டிலிருந்து எழுந்திருப்பது நம் வயதில் பெரும்பாடு. ஆனால் சீட்டு உயரம் வேறு, படி உயரம் வேறு. இடுப்பு உயரத்தில் சீட்டு இருந்தால் சுகம். கால் தூக்கி ஏற வேண்டிய படி இருந்தால் அது மலையேற்றம். வண்டி பார்க்கப் போகும்போது அம்மாவையும் அழைத்துப் போய் நாலு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். சின்ன வண்டிகளிலும் உயரமான சீட்டு வைத்தவை இருக்கின்றன.

"குடும்பத்தோட எங்கயாவது போகணும்னா?" என்பது அடுத்த கேள்வி. வருஷத்தில் இரண்டு தடவை திருநள்ளாறுக்கோ வேளாங்கண்ணிக்கோ போகப் பெரிய வண்டியை வாடகைக்குப் பிடியுங்கள். டிரைவரும் வருவார், நீங்கள் பின்னால் சாய்ந்து தூங்கலாம். தினமும் ஆறு பேர் ஏறும் வீடாக இருந்தால், சக்கர நாற்காலியை ஏற்ற வேண்டிய வீடாக இருந்தால், பெரிய வண்டி வாங்குங்கள். பெட்ரோல் நூற்றைம்பது ரூபாய் விற்றாலும் வாங்குங்கள். தேவை என்றால் விலை தடுக்கக் கூடாது. தேவை இல்லை என்றால் விலை தூண்டவும் கூடாது.

சிட்ரோயன் கம்பெனியில் பிரான்சில் ஒரு கார் செய்தார்கள். "தெ ஷவோ", அதாவது இரண்டு குதிரை என்று பெயர். 1948-இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது. அதைச் செய்யச் சொன்ன பூலாஞ்சே என்பவர் பொறியாளர்களிடம் கேட்டது இவ்வளவுதான் என்பார்கள்: இரண்டு விவசாயிகள், ஐம்பது கிலோ உருளைக்கிழங்கு, அறுபது கிலோமீட்டர் வேகம், நூறு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர், உழுத நிலத்தில் போனாலும் கூடையில் முட்டை உடையக் கூடாது. யார் ஏறுவார்கள், எதை ஏற்றுவார்கள், எந்தப் பாதையில் போவார்கள் என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு வண்டி செய்தார்கள். நாம் முதலில் வண்டியைப் பார்த்துவிட்டு அதற்கு ஏற்ற காரணத்தைத் தேடுகிறோம்.

பாதை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பெட்ரோல் ஏறும், இறங்கும். எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவின் அகலம் என்றைக்கும் அதுதான். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, நாலு வீடு தள்ளி இருக்கும் மூதாட்டிக்கு மூச்சுத் திணறல். 108 வந்துவிட்டது. ஆனால் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. இரண்டு பக்கமும் ஆளுயர வண்டிகள். ஒன்றின் சொந்தக்காரர் ஊரில் இல்லை. நாற்காலியில் உட்கார வைத்து, நான்கு பேர் மழையில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போனார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு கூட நடந்தேன். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். அந்த வண்டிகள் இரண்டும் நான் பார்த்தவரை வாரம் முழுக்க நின்றுகொண்டுதான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கும் சினிமாவுக்கும் போய் வருகின்றன, உள்ளே இரண்டு பேர். திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்த ஜனங்கள் இப்போது டயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தச் செலவு யார் கணக்கில் ஏறுகிறது? வண்டிக்காரர் கணக்கில் ஏறவில்லை.

ஆகவே என் வயதுக்காரர்களே, பிள்ளைகள் வண்டிப் படத்தைக் கைப்பேசியில் காட்டும்போது ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். தினமும் எத்தனை பேர் ஏறுவீர்கள் என்று எழுதுங்கள். வாசலிலும் தெருவிலும் எவ்வளவு இடம் என்று நாடா வைத்து அளந்து எழுதுங்கள். கையிலிருந்து போகும் பணமும் அதனால் நின்றுபோகும் வட்டியும் எவ்வளவு என்று எழுதுங்கள். வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர், நூறுக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுங்கள். எல்லாம் எழுதி முடித்து இடம் மிச்சம் இருந்தால், இன்றைய பெட்ரோல் விலையை அடியில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு அழிக்க வேண்டியிருக்கும்.