கட்டமும் புள்ளியும் சண்டை போடாது

ரவிக்கைத் துணி விற்கும் கடைக்கு எங்கள் பக்கம் மேட்சிங் சென்டர் என்று பெயர். டூ பை டூ ரூபியாவில் மயில்கழுத்து நிறம் மட்டுமே ஏழெட்டுச் சாயலில் அடுக்கியிருக்கும். கடைக்காரர் ட்யூப்லைட்டை நம்பமாட்டார். முந்தானையை வாங்கி வாசலுக்கு வந்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, “இதான் சரி, எடுத்துக்கங்கக்கா” என்பார். அவர் கண்ணுக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். ஆனால், அந்த மெனக்கெடலே வேண்டாம் என்பது என் கட்சி. கட்டம் போட்ட சேலைக்குப் புள்ளி ரவிக்கை போட்டால் என்ன?

‘ரெண்டும் அடிச்சுக்கும்’ என்கிறவர்கள் பீரோவிலிருந்து பழைய காஞ்சிபுரம் பட்டு ஒன்றை எடுத்து விரித்துப் பார்க்கட்டும். உடலில் கட்டமோ வைர ஊசிக் கோடோ ஓடும். கரையில் ருத்திராட்சமும் மயில்கண்ணும் இருக்கும். கரை உடலைத் தொடும் இடத்தில் கோபுரம் கோபுரமாக நிற்கும். முந்தானை வேறு நிறம். கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா. கைத்தறியில் அதை ஓட்ட நெசவாளருக்குப் பக்கத்தில் உதவிக்கு இன்னொரு ஆள் உட்காரவேண்டும். முந்தானை நிறம் மாறும் இடத்தில் பாவு இழைகளைக் கையால் முறுக்கி ஒட்டுவார்கள். சேராததைச் சேர்க்க இத்தனை பாடுபட்ட சேலையைக் கட்டிக்கொண்டு, அச்சு அசலாக அதே நிறத்தில் ரவிக்கை தேடி அலைகிறோம்.

காரைக்குடிக் கண்டாங்கியும் அப்படித்தான். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பருத்திச் சேலை. கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு என்று கட்டமும் அகலக் கரையும் கண்ணில் அறையும். (அதை ரவிக்கையே இல்லாமல் கட்டிய ஆச்சிகளுக்குப் பொருத்தம் பார்க்கும் தலைவலியே இல்லை.)

இந்தக் கண்டாங்கிக்கு நான் போடுவது சுங்குடிப் புள்ளி ரவிக்கை. மதுரையில் சௌராஷ்டிரப் பெண்கள் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் முக்கி எடுக்கும் அசல் சுங்குடியில் எந்தப் புள்ளியும் முழு வட்டமாக இருக்காது. கொஞ்சம் கோணலாக, நடுவில் சாயம் கசிந்து இருக்கும். தறியில் நெய்த கட்டமோ நூல் பிடித்தமாதிரி நேர்க்கோடு. ஒன்று விறைப்பு, மற்றது நெகிழ்வு. அதனால்தான் ஒத்துப்போகிறது. கட்டம் பெரிதாக இருந்தால் புள்ளி பொடியாக இருக்கட்டும். சேலையில் இருக்கும் ஒரு நிறம் ரவிக்கையிலும் எங்காவது தலைகாட்டினால் போதும். என்னால் சகிக்கமுடியாதது ஒன்றுதான்: பொடிக்கோட்டின்மேல் பொடிக்கோடு. டிவியில் நுண்கோட்டுச் சட்டை போட்டு வருகிறவரின் தோள் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நெளிவு நேரிலும் வரும்.

இதெல்லாம் யாருக்கும் புதிதில்லை. காலையில் காய்கறி வண்டிச் சத்தம் கேட்டதும் பூப்போட்ட நைட்டிக்கு மேல் கட்டம் போட்ட துண்டையோ, பழைய சுடிதாரின் பாந்தினி ஷாலையோ போட்டுக்கொண்டு தெருவில் இறங்காத பெண் உண்டா? பக்கத்து வீட்டு அண்ணன் கட்டம் போட்ட லுங்கிக்குக் கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போகிறார். அவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே சேர்க்கையில் ஆபீசுக்குப் போனால்தான், “அவசரத்துல கிளம்பினியா?” என்ற விசாரிப்பு வருகிறது.

உண்மையான சிக்கல் தையற்கடையில் இருக்கிறது. மயிலும் மரமும் அச்சிட்ட கலம்காரித் துணியை, ஒற்றை நிற ரூபியாவைப்போல எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி வெட்டமுடியாது. வெட்டினால் மயில் தலைகீழாகத் தொங்கும். அக்குளில் பாதி மரம் நிற்கும். “முதுகுல மயில் நிமிர்ந்து நிக்கணும்ணா” என்றேன் எங்கள் தையல்காரரிடம். துணியை உதறி அளந்தார். “எண்பது சென்டிமீட்டர்ல மயில் நிமிராதும்மா. ஒரு மீட்டரா வாங்கிட்டு வாங்க.”